மருந்து தர மறுத்த கடைக்காரர்

உபாத்தியாயர்களுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. பிறருக்குப் போதிப்பதில் எவ்வளவு ஆர்வமோ, பிறரிடம் கற்றுக்கொள்வதில் அவ்வளவு தயக்கம். இந்தக் குணம் நம்மிடமும் இருக்கிறதென்பதை நாம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது 2018-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ஆனைமலையில், நமது சொந்தத் தென்னந்தோப்பில், பூச்சி மருந்துக் கடைக்காரர்கள் சுமார் நாற்பது பேருடைய முன்னிலையில். அந்தக் கதையைச் சொல்வதற்காகவே இப்போது பேனாவை எடுத்தோம்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, மலைகளின் அடிவாரத்தில், ஆழியாற்றங்கரையில் இருக்கிறது நமது ஊர். கொங்கு நாட்டின் மற்றப் பகுதிகள் மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் காலத்திலும் இங்கே பச்சை மாறாது. வெளியூர்க்காரர்கள் மாசாணியம்மனைத் தரிசிக்க வருவார்கள். பொருளைக் களவு கொடுத்தவர்கள் அம்மன் சந்நிதியில் மிளகாய் அரைத்துப் பூசி நியாயம் கேட்டுவிட்டுப் போவார்கள். உள்ளூர்க்காரர்களுடைய கண் மட்டும் எப்போதும் தென்னையின் உச்சியிலே இருக்கும். தகப்பனார் வைத்துவிட்டுப் போன எண்பது மரங்கள் நமக்கு உண்டு. பள்ளிக்கூடத்துச் சம்பளம் வீட்டுச் செலவுக்கு. நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு முறை வெட்டுகிற தேங்காய் மகளுடைய படிப்புக்கு. இதுதான் நமது குடும்பத்தின் பொருளாதார சாஸ்திரம்.

இந்தச் சாஸ்திரத்தில் 2016-ஆம் ஆண்டு ஓர் ஈ வந்து விழுந்தது.

ஈ என்று பெயரே ஒழிய, அது ஈக்களின் ஜாதியைச் சேர்ந்ததன்று. அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் உறவினன். சாறு உறிஞ்சிப் பிழைப்பது. அதன் பெயர் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவிலுள்ள பெலீஸ் நாட்டிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 2004-இல்தான் விஞ்ஞானிகள் அதற்கு முதன்முதலாகப் பெயர் சூட்டினார்கள். 2009-இல் அமெரிக்காவின் புளோரிடா ராஜ்யத்தில் அது தலைகாட்டிற்று. 2016-இல் இந்தியாவில் முதன்முதலாக நமது பொள்ளாச்சி வட்டாரத்துத் தென்னைகளில் கண்டுபிடிக்கப்பட்டது. ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாகக் கோலமிட்டாற்போல் முட்டையிடும். அதன் மேல் வெள்ளை மெழுகைப் பூசிவிடும். குஞ்சுகள் சாற்றை உறிஞ்சி, இனிப்பான ஒரு திரவத்தைக் கழிக்கும். அது கீழ் ஓலைகளில் சொட்டிப் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் வளரும். சில மாதங்களில் தோப்பு முழுவதும் அடுப்புக்கரி பூசினாற்போல் ஆகிவிட்டது. வெயில் படவேண்டிய ஓலையைக் கறுப்புப் படலம் மூடிவிட்டால் மரம் எப்படி உணவு சமைக்கும்? திருடன் யாரென்று தெரிந்திருந்தும் மிளகாய் அரைத்துப் பூசிப் பயனில்லாத ஒரு களவு இது.

நாம் விலங்கியலில் பட்டம் பெற்றோம். பூச்சிகளின் லத்தீன் பெயர்களை ஒரு காலத்தில் தலைகீழாக ஒப்பித்திருக்கிறோம். ஆனால் நமது தோப்புக்கு ஆபத்து வந்தபோது, எழுத்தறியாத குடியானவர் என்ன செய்வாரோ அதைத்தான் செய்தோம். கடைவீதிக்குப் போய், பூச்சி மருந்துக் கடையில், "ஓலை கறுத்துப் போகிறது, ஏதாவது கொடு" என்று கேட்டோம். கடை வைத்திருந்தவன் நம்மிடம் எட்டாம் வகுப்பில் படித்த மாணவன். "புதுசா ஒண்ணு வந்திருக்குதுங்க சார், நல்லா கேக்குமாம்" என்று ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். அவனுக்கு அதைச் சொன்னவர் கம்பெனிப் பிரதிநிதி. கம்பெனிப் பிரதிநிதிக்குச் சொன்னவர் யாரோ, நாம் அறியோம். 2017-ஆம் ஆண்டு கோடையில் அடித்தோம். இரண்டு வாரம் தோப்பு தெளிந்தது போலிருந்தது. பிறகு முன்னைக் காட்டிலும் அதிகமாகக் கறுத்தது.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் கடையின் கதவில் ஓர் அட்டை தொங்கிற்று: "ஞாயிறு கடை விடுமுறை. வகுப்புக்குச் செல்கிறோம்." முப்பது வயதை எட்டும் ஒரு கடைக்காரனுக்கு என்ன வகுப்பு என்று நமக்குச் சிரிப்பு வந்தது. விசாரித்தோம். உரமும் பூச்சி மருந்தும் விற்பவர்களுக்கென்று ஒரு பட்டயப் படிப்பு இருக்கிறதாம். ஹைதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் தொடங்கியது. ஓராண்டுப் படிப்பு; நாற்பத்தெட்டு வாரங்களில் நாற்பது வகுப்புக்களும் எட்டுக் களப் பயணங்களும். கடைக்குக் கேடு வராதபடி ஞாயிற்றுக்கிழமையிலோ சந்தை விடுமுறை நாளிலோ நடக்கும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களும் ஆராய்ச்சி நிலையத்து நிபுணர்களும் வந்து பாடம் நடத்துவார்கள். படிப்பின் நீண்ட ஆங்கிலப் பெயருடைய முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'தேசி' என்று வருகிறது. சுதேசி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நாட்டில் அந்தப் பெயர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். அவ்வளவோடு அதை மறந்தும் போனோம்.

சித்திரை பிறந்தது. வெயில் ஏற ஏற வெள்ளை ஈயும் ஏறிற்று. மறுபடியும் கடைக்குப் போய் அதே மருந்தைக் கேட்டோம். பையன் கல்லாவை விட்டு எழுந்து நின்றான்.

"இருக்குதுங்க சார். ஆனா உங்களுக்குத் தரமாட்டேனுங்க."

"ஏனப்பா, பாக்கி ஏதாவது நிற்கிறதா?"

"ஐயையோ, அதில்லீங்க. இதுக்கு மருந்து அடிக்கக் கூடாதுங்களாம். அடிச்சா நல்ல பூச்சி செத்துப் போகும், கெட்ட பூச்சி தப்பிச்சுக்கும். தண்ணியைப் பீய்ச்சி அடிங்க; மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க சார்."

அந்தப் பையன் எட்டாம் வகுப்பில் விஞ்ஞானப் பாடத்தில் முப்பத்தைந்து மதிப்பெண் வாங்குவதற்குப் பட்ட பாடு நமக்கு நினைவிருந்தது. அவன் நமக்குப் பூச்சி சாஸ்திரம் சொல்வதாவது! "நாலு ஞாயிற்றுக்கிழமை போனதும் பெரிய நிபுணனாகிவிட்டாயோ?" என்று கேட்டுவிட்டோம். அவன் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான். நாம் வேறொரு கடைக்குப் போய், கேட்டதை வாங்கிக்கொண்டு வந்தோம். காசை நீட்டினால் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற கடை எந்த ஊரில்தான் இல்லை?

இனிச் சொல்லப் போவதை எழுதக் கூச்சமாயிருக்கிறது. ஆயினும் அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதுவதில் பிரயோஜனம் இல்லை.

நமது தோப்பில் பல ஆண்டுகளாகத் தேங்காய் வெட்டுகிற மரமேறி அண்ணன் ஒருவர் உண்டு. மருந்தடிக்கும் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்தான் மரத்துக்கு மரம் ஏறினார். உயரத்தில் நின்றுகொண்டு, முகத்துக்கு நேரே உள்ள ஓலையின் அடிப்பக்கத்தில் அடிக்க வேண்டும். காற்று திரும்பினால் அத்தனையும் அவர்மேல்தான். முகத்தில் ஒரு துண்டைக் கட்டியிருந்தார். அதைத் தவிர வேறு பாதுகாப்பு வேண்டுமென்று அவருக்கும் தோன்றவில்லை. பட்டதாரியாகிய நமக்கும் தோன்றவில்லை. பிற்பகலில் இறங்கி வந்தவர் வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். கண் இருட்டிக்கொண்டு வருகிறதென்றார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றோம். உயிருக்கு ஆபத்தில்லை என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் நமக்கு மூச்சு வந்தது. பத்து நாள் அவர் மரமேறவில்லை. பத்து நாள் கூலியை நாம் கொடுத்தோம். அவர் மனைவி வாங்கிக்கொண்டார். ஆனால் வாசலில் நின்ற நம்மை அந்த அம்மாள் பார்த்த பார்வைக்கு எந்தக் கூலியும் ஈடாகாது.

மருந்தை வாங்கியது நமது அகங்காரம். அதைக் குடித்தது அவருடைய நுரையீரல்.

அடுத்த நாள் பழைய மாணவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். நம்மைக் குற்றம் சொல்லவில்லை. "என்ன மருந்துங்க சார்? பாட்டில்ல என்ன கலர் முக்கோணம் போட்டிருந்துச்சு?" என்று வைத்தியர் காதில் விழும்படி கேட்டான். நமக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தோம். மஞ்சள். நச்சுத்தன்மை மிகக் கடுமையானதற்குச் சிவப்பு, அதற்கடுத்த கடுமைக்கு மஞ்சள், பிறகு நீலம், பிறகு பச்சை என்று நமது நாட்டுச் சட்டப்படி ஒவ்வொரு பாட்டிலிலும் அடையாளம் இடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறிந்துகொள்ள வேண்டுமென்பதற்காகவே நிறத்தில் இட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த நாம் அதைப் பார்க்கவே இல்லை.

ஆடி மாதத்தில் பையன் வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கி ஒரு விண்ணப்பம் செய்துகொண்டான். அவர்களுடைய வகுப்பின் களப் பயணத்துக்கு, மருந்தடித்த தோப்பு ஒன்றும் அடிக்காத தோப்பு ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டுமாம். நமது பக்கத்துத் தோட்டத்துக்காரர் கையில் பணமில்லாத காரணத்தால் அந்த இரண்டு வருஷமும் ஒன்றுமே அடிக்கவில்லை. "உங்க தோப்பைக் காட்டலாமுங்களா சார்?" என்றான். வேண்டாமென்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

கோயமுத்தூரிலிருந்து வந்த பேராசிரியை நமக்கு வயதில் இளையவர். அவர் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. மரமேறி அண்ணன் அன்று நமது தோப்பிலிருந்து ஓர் ஓலையும் அடுத்த தோப்பிலிருந்து ஓர் ஓலையும் வெட்டிப் போட்டார். அம்மையார் அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, ஆளுக்கு ஒரு சிறு பூதக்கண்ணாடியும் கொடுத்து, "எண்ணுங்க" என்றார்.

எண்ண வேண்டியது துளைகளை. வெள்ளை ஈ வளர்ந்து தன் கூட்டை விட்டு வெளியேறும்போது, கூட்டின் முதுகில் 'டி' என்னும் ஆங்கில எழுத்தைப் போல ஒரு பிளவு விழும். ஆனால் சில கூடுகளில் பிளவு இராது. ஊசியால் குத்தினாற்போல் வட்டமாக ஒரு துளை இருக்கும். அது வெள்ளை ஈயின் துளையன்று; அதைத் தின்று தீர்த்தவனின் துளை. என்கார்சியா என்று ஒரு குளவி. ஒரு மில்லிமீட்டர் நீளத்தையும் எட்டாத ஜீவன். நமது நாட்டில் முன்பே வேறொரு சுருள் வெள்ளை ஈயின்மேல் வாழப் பழகியிருந்தது. புது ஈ வந்ததும் இதன்மேலும் பாய்ந்தது. ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்தபடியே குஞ்சைத் தின்று வளர்ந்து, வட்டமாகத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

நாமும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தோம். அடுத்த தோப்பு ஓலையில் பாதிக்கு மேற்பட்ட கூடுகளில் வட்டத் துளை. நமது ஓலையில் எண்ணிக்கை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டது. வெள்ளை ஈயின் குஞ்சு மெழுகுக்குள்ளே, ஓலைக்கு அடியிலே பத்திரமாக இருந்துகொண்டது. வெளியே நடமாடிய குளவிதான் நாம் அடித்த விஷத்தில் செத்தது. போலீஸ்காரரைக் கொன்றுவிட்டுத் திருடனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

"இந்தத் தோப்புக்கு மருந்து அடிச்சது யாருங்க?" என்று பேராசிரியை கேட்டார்.

பதினைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளைக் கை தூக்கச் சொல்லிப் பழகிய நாம், அன்று கை தூக்கினோம். மரத்தடியில் நின்ற மரமேறி அண்ணன் சொன்னார்: "அடிச்சது நானுங்க அம்மிணி. அடிக்கச் சொன்னது வாத்தியாருங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மையார் அவரிடம் போய், என்ன செய்தது, எத்தனை நாள் இருந்தது என்றெல்லாம் விசாரித்தார். அவர் சொன்னதைக் கடைக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். தாங்கள் கல்லாவுக்கு மேலே நீட்டுகிற பாட்டில் கடைசியில் யாருடைய மூச்சுக்குள் போகிறது என்பதை அவர்களில் பலர் அன்றுதான் நேரில் கண்டிருக்க வேண்டும். ஒரு வருஷப் படிப்பில் அந்தக் கால் மணி நேரத்துக்கு மேலான பாடம் இருக்குமென்று நாம் நினைக்கவில்லை.

பிறகு அவர் இரண்டு பழைய செய்திகளைச் சொன்னார். கொங்கு நாட்டு முதியவர்களுக்குச் சப்பாத்திக் கள்ளியின் கதை தெரியும். ஒரு காலத்தில் புறம்போக்கையும் தோட்டத்து எல்லையையும் அது விழுங்கிக்கொண்டிருந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து ஒரு சிறு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள்; வெட்டியும் கொளுத்தியும் அழியாத கள்ளி அந்தப் பூச்சியால் அழிந்தது. இரண்டாவது கதை கடைக்காரர்களுடைய காலத்திலேயே நடந்தது. 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி கோயமுத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்டு, பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் சூறையாடிற்று. அடித்த மருந்துக்குக் கணக்கில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒரு குளவியை வரவழைத்தார்கள். அதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி விவசாயிகளுக்கு விநியோகித்தது. மருந்தால் ஆகாத காரியம் குளவியால் ஆயிற்று. "அந்த வருஷம் நானும் ரெண்டு லோடு மருந்து வித்தேனுங்க" என்றார் கூட்டத்தில் ஒருவர், யாரும் கேட்காமலே.

அப்போது, வெள்ளை வேஷ்டி கட்டிய ஒரு வயோதிகக் கடைக்காரர் எழுந்தார். நாலு தலைமுறைக்கு மருந்து விற்றவர் போலிருந்தது.

"அம்மிணி, நீங்க சொல்றது அத்தனையும் நியாயமுங்க. மாசம் பொறந்தா உங்களுக்குச் சம்பளம் வந்துரும். நான் மருந்து இல்லேன்னு திருப்பி அனுப்பினா, அவன் எதிர்க்கடைக்குப் போவான். கடை வாடகை யாருங்க கொடுக்கறது?"

நேயர்களே, இந்தக் கேள்விக்கு ஒரு சாமர்த்தியமான பதிலை நாம் எதிர்பார்த்தோம். அம்மையார் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "உங்க நஷ்டம் நிஜமுங்க. அது இல்லேன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார். ஒட்டுப்பொறியும் வேப்பெண்ணெயும் விற்கலாம், மண் பரிசோதனை பார்த்து உரம் சொல்லலாம், ஒரு முறை மருந்து வேண்டாமென்று சொன்ன கடையை மறு முறை குடியானவர் நம்புவார், இதையெல்லாம் சொன்னார். ஆனால் இவற்றின் லாபம் ஒரு பாட்டிலின் லாபத்துக்கு உடனே ஈடாகிவிடுமென்று அவர் பொய் சொல்லவில்லை. மருந்தே கூடாதென்றும் சொல்லவில்லை; எந்தப் பூச்சிக்கு, எப்போது, எவ்வளவு என்பதுதான் வித்தை என்றார். நிபுணர்களும் தவறியிருக்கிறார்கள் என்றார். ஒரு காலத்தில் பயிருக்குப் பயிர் சிபாரிசு செய்யப்பட்ட எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. "நாங்க சொல்றதையும் நீங்க எண்ணிப் பார்த்துத்தான் நம்பணும். அதுக்குத்தானுங்க கண்ணாடி" என்று முடித்தார்.

வயோதிகர் உட்கார்ந்தார். அவர் முகத்தில் திருப்தி இல்லை. ஆனால் பூதக்கண்ணாடியை அவர் திருப்பிக் கொடுக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நாம் பார்த்தோம்.

அன்றிரவு வெகுநேரம் யோசித்தோம். கோயமுத்தூரில் விவசாயக் கல்லூரி 1906-ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. 1971-இல் அது சர்வகலாசாலை ஆயிற்று. அதே ஊரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனவிருத்தி நிலையத்தில் நாணல் ஜாதியோடு கரும்பைக் கலந்து உண்டாக்கிய கோ 205 என்ற கரும்பு, 1918-இல் வெளிவந்து வட இந்தியாவின் கரும்பு வயல்களையே மாற்றிற்று. தேசத்துக்குப் பெருமை தேடித் தந்த அறிவு நமது ஜில்லாவிலேயே விளைகிறது. ஆழியார் நகரில், நமது ஊருக்கு அருகிலேயே, பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இருந்தும் ஓலை கறுத்தபோது நாம் அங்கே போனோமா? இல்லை. கடைவீதிக்குத்தான் போனோம். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான். பேராசிரியரைக் காண ஒரு நாள் வேண்டும். விவசாய உத்தியோகஸ்தர் ஒருவர் பல கிராமங்களைக் கவனிக்க வேண்டும். கடைக்காரரோ காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், கடனும் கொடுக்கிறார். குடியானவருடைய உண்மையான ஆசிரியர் அவர்தான். அந்த ஆசிரியருக்குப் பாடம் சொல்ல 2003 வரையில் ஒருவருக்கும் தோன்றாததுதான் ஆச்சரியம்.

இன்னொன்றும் தோன்றிற்று, அது நமது தொழிலைப் பற்றியது. அந்தப் பையனுக்கு எட்டாம் வகுப்பில் பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை நடத்தியது நாமேதான். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று கரும்பலகையில் வட்டமாக எழுதி, அம்புக்குறி போட்டு, மனப்பாடம் செய்யச் சொன்னோம். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அப்பால் நூறு கஜத்தில் தென்னந்தோப்பு இருந்தது. ஒரு நாளும் அவனை அழைத்துச் சென்று ஓர் ஓலையைத் திருப்பிக் காட்டவில்லை. முப்பத்தைந்து மதிப்பெண் அவனுடையது என்று அத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இது நிற்க. தோப்பு என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கக்கூடும். மருந்தை நிறுத்தினோம். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் பொறிகளை மரங்களுக்கிடையே கட்டினோம். விசைக் குழாயால் ஓலையின் அடிப்பக்கத்தில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சினோம். லிட்டருக்கு 25 கிராம் வீதம் மைதா மாவைக் காய்ச்சிக் கரைத்து, கறுத்த ஓலைமேல் தெளித்தோம். அது காய்ந்து உதிரும்போது கரும்பூசணமும் அதனுடன் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடுத்த தோட்டத்துக்காரரிடம் கேட்டு, குளவிக் கூடுகளுள்ள ஓலைத் துண்டுகளை வாங்கி வந்து நமது மரங்களில் கட்டினோம். பணமில்லாமல் மருந்தடிக்காதவரிடம், பணம் செலவிட்டு மருந்தடித்தவர் போய் யாசகம் கேட்ட காட்சி அது. அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஓராண்டுக்கு மேல் காய்ப்புக் குறைந்துதான் இருந்தது. பிறகு மெல்ல மெல்லத் தேறிற்று. குளவி மாத்திரம் செய்த வேலை என்று சொல்லமாட்டோம். பெய்த மழைக்கும் அதில் பங்குண்டு. வெள்ளை ஈ அடியோடு போய்விடவும் இல்லை. கோடையில் வரும், மழையில் அடங்கும். அதோடு வாழக் கற்றுக்கொண்டோம்.

பழைய மாணவன் பட்டயம் வாங்கிவிட்டான். அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறான். அந்த வருஷம் அவன் கடை வியாபாரம் இறங்கியது உண்மை. மனைவியின் வளையல் ஒன்று அடகுக்குப் போனதை நாம் அறிவோம். இப்போது ஓரளவு நிமிர்ந்திருக்கிறான். எதிர்க்கடையும் நன்றாகத்தான் நடக்கிறது. தர்மம் வென்றது என்று எழுதி முடிக்கும்படியான நிலைமை ஒன்றும் ஏற்படவில்லை.

இதற்கிடையில் புதிய சோதனை ஒன்று வந்திருக்கிறது. கேரளத்தில் 1882-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு தெரியவந்த வேர்வாடல் நோய், மலையைத் தாண்டி நமது பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புக்களுக்கும் வந்து, பலருடைய மரங்களை வெட்டும்படி செய்துவிட்டது. அதற்குக் குணப்படுத்தும் மருந்தே கிடையாது. முற்றிய மரத்தை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். மற்றவற்றுக்கு நல்ல உரமிட்டுப் போஷிக்க வேண்டும். பிள்ளைபோல் வளர்த்த மரம் வாடும்போது, "மருந்து இல்லை" என்ற சொல்லை யார்தான் கேட்கத் தயாராயிருப்பார்கள்? எத்தனை விலையானாலும் ஒரு பாட்டிலை வாங்கித் தெளித்துவிட வேண்டுமென்றுதான் மனம் அடித்துக்கொள்ளும். சென்ற மாதம் ஒரு விதவைத் தாயார் நமது மாணவனுடைய கடையில் அழுதுகொண்டே நின்றதைப் பார்த்தோம். அவன் எதையும் விற்கவில்லை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அந்த அம்மாளுடைய தோப்புக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டான்.

நமது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது மாதம் ஒரு முறை தோப்புக்கு வருகிறார்கள். ஓலையை வெட்டிப் போடுவது மரமேறி அண்ணன். பூதக்கண்ணாடி பற்றாக்குறை, நாலு பேருக்கு ஒன்று. எண்ணிக்கையை நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். வட்டத் துளை கூடியிருந்தால் கூச்சல் போடுகிறார்கள். அண்ணனும் குனிந்து ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போகிறார். அவர் நம்மிடம் பழைய விஷயத்தை ஒரு நாளும் பேசியதில்லை. நாமும் பேசியதில்லை. பிள்ளைகள் எண்ணுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நாம் அவரைப் பார்க்காமல் ஓலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நேயர்களில் நிலம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது, "என்ன மருந்து கொடுப்பாய்?" என்று கேட்பதற்கு முன், "மருந்து வேண்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாமென்று சொல்கிற கடைக்காரர் கிடைத்தால், அந்தக் கடையில் உப்புக்காவது புளிக்காவது ஏதேனும் ஒரு காரணம் சொல்லி நாலு காசு வியாபாரம் செய்துவிட்டு வாருங்கள். அவர் நமக்காக நஷ்டப்படுகிறார்.